நடுங்குவது எது?

ஓடுகின்ற பொறி எதுவாயினும் அதில் ஓரளவு அதிர்வு உண்டு. அவ்வதிர்வு தன் எல்லைக்குள் நிற்கும்வரை நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எல்லை மீறியதும் உணர்கிறோம். உணர்ந்த மறுகணமே அதற்கொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். உணர்வதற்கும் காரணம் சொல்வதற்கும் இடையில் வர வேண்டிய விசாரணை பெரும்பாலும் தவறிப்போகிறது. அதிர்வது எது, அது எப்பொழுது அதிர்கிறது, எப்பொழுது அதிராமல் இருக்கிறது என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை. இவ்வினாக்களைக் கேட்பதனால் என்ன விளையும், கேளாது விடுவதனால் என்ன விளையும் என்பதனை ஒரு பழைய காரும் அதன் உரிமையாளரும் எனக்குக் காட்டினர். அதனையே ஈண்டு எழுத முற்படுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் என் தாயாரின் மூத்த சகோதரர் வசிக்கிறார். நில அளவைத் திணைக்களத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான இவ்வகைக் கார், பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதற் பிரித்தானியக் கார் என்னும் பெயரைப் பெற்றது. 1971இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் இலங்கை வீதிகளில் அது நிற்கவில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், ஆசிரியரும் வைத்தியரும் அரசாங்க உத்தியோகத்தரும் தம் கையிலிருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினர். 1977க்குப் பின் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தபோதிலும் பழைய கார்களைப் பேணும் கைத்திறன் அழிந்துவிடவில்லை. மருதானைப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் இன்றும் அக்கார்களுக்கு வேண்டியது ஏதேனும் கிடைக்கும்.

மாமா அக்காரை 1972இல், வெளிநாடு செல்லவிருந்த ஒரு வைத்தியரிடமிருந்து வாங்கினார். 1983 யூலையில் எங்கள் ஒழுங்கையில் வீடுகளும் வாகனங்களும் எரிந்தபோது, அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தினர் அதனைத் தம் கொட்டிலுக்குள் தள்ளிச் சென்று கதவைப் பூட்டிவைத்தனர். வீட்டிலிருந்த தளபாடங்களுள் ஒன்றும் மிஞ்சவில்லை, கார் மிஞ்சியது. அதனை விற்றுவிடும்படி யார் சொன்னாலும் மாமா ஏன் பதில் சொல்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டது. எழுபத்தெட்டு வயதில் வரிசையில் நிற்க இயலாமையால் மாமா ஏப்பிரல் முதல் செப்ரெம்பர் வரை காரை முற்றத்திலேயே நிறுத்திவைத்தார். மீண்டும் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் கார் நடுங்குகிறது என்றார். மாதம் ஒருமுறை நீர்கொழும்பிலுள்ள தம் தங்கையைப் பார்க்கச் செல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. அந்த வழியிலேதான் நடுக்கம் தெரிகிறது என்றார்.

வீட்டில் எவரும் அதனை நம்பவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக மாமாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது அது தட்டில் பட்டுக் கிணுகிணுக்கும். ஆகவே, நடுக்கம் என்றதும் எல்லோருடைய பார்வையும் காரை விட்டு அவருடைய கையின்மேற் சென்றது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மூத்த மகன் காரைத் தானே ஓட்டிப் பார்த்தான். தெகிவளைப் பாலம் வரை சென்று, பம்பலப்பிட்டி வரை திரும்பி வந்து, "அப்பா, காருக்கு ஒண்டுமில்லை, உங்கடை கைதான் நடுங்குது" என்றான். அன்பினாற் சொன்ன சொல் அது. தந்தை விபத்தில் சிக்கிவிடுவாரோ என்னும் அச்சத்தினாலும் சொன்னது. ஆனால் தியோடொலைற்றுக் கருவியின் நுண்திருகைத் தொட்டு, பாகையின் சிறு கூறுகளை வாசித்து வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அது எத்தகைய சொல்லாகப் பட்டிருக்கும் என்பதை நான் அருகிலிருந்து கண்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தம் குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு பயணத்திலும் எந்த வேகத்தில் நடுக்கம் தொடங்கியது, எந்த வேகத்தில் அடங்கியது என எழுதத் தொடங்கினார்.

நகரின் வேறொரு பகுதியிலிருந்த பெரிய கராச் ஒன்றிற்கு முதலிற் காரைக் கொண்டு சென்றோம். அங்கே குறிப்பேட்டை எவரும் கேட்கவில்லை. நான்கு சில்லுகளையும் இயந்திரத்திற் பூட்டிச் சமன் பார்த்தனர். எஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் துண்டுகளை மாற்றினர். பின்புற ஷொக் அப்சோபர்களையும் மாற்றினர். சுற்றுவட்டத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்றனர். பட்டியலின்படி பணம் செலுத்தினோம். அடுத்த நீர்கொழும்புப் பயணத்தில் அதே நடுக்கம் அதே இடத்தில் வந்தது. "பிழை காரில் இருந்தால் இவ்வளவு மாற்றியும் போயிராதா?" என்று வீட்டார் கேட்டனர். மாற்றிய பாகங்களின் எண்ணிக்கையே மாமாவின் கைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அதன் பின்னரே கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒடுங்கிய பாதையில், இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு கொட்டிலில் வேலை செய்பவர் அவர். தச்சர் முதல் மெக்கானிக் வரை கைவினைஞர் யாவரையும் கொழும்பு 'பாஸ்' என்றே அழைக்கும். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். இவரையும் அயலவர் அவ்வாறே அழைத்தனர். அறுபது வயதிருக்கும். காரின் முன்மூடியை அவர் திறக்கவில்லை. ஒரு வாங்கை இழுத்துப் போட்டு மாமாவை இருக்கச் செய்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, வண்டி நடுங்குது எண்டு எனக்குச் சொல்ல வேணாம். எப்ப நடுங்குது எண்டு சொல்லுங்க."

மாமா குறிப்பேட்டைத் திறந்தார். பழைய பிரித்தானியக் காராதலால் வேகமானி மைலிலேயே காட்டும். "முப்பத்தைஞ்சு மைல்வரை ஒண்டுமில்லை. நாற்பதிலை நல்லாத் தெரியும். ஐம்பதைத் தாண்டினால் குறைஞ்சிடும்" என்று வாசித்தார். பாஸ் தொடர்ந்து கேட்டார். பிறேக் போடும்போது கூடுகிறதா? இல்லை. பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்போது? வேறுபாடு இல்லை. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது? இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒரு விதமாகவும் சூடானபின் வேறு விதமாகவும் இருக்கிறதா? இல்லை. கடைசியாக, "சுக்கான்லயா, சீட்லயா?" என்றார். மாமா சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "சீற்றிலை" என்றார். பாஸ் என்னைப் பார்த்து, "கை நடுங்கினா சீட் எப்பிடி நடுங்கும்?" என்றார். கையைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. குறிப்பேட்டின் தாளைப் புரட்டிய விரல்களை அவரும் கண்டிருந்தார்.

அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஒரு கதவை மூடியது. பிறேக் போடும்போது மட்டும் நடுக்கம் வருமாயின், வட்டம் கெட்ட பிறேக் உருளையை ஐயுறலாம். புறப்படும்போது மட்டும் வருமாயின் கிளச்சையோ எஞ்சினின் தாங்கிகளையோ ஐயுறலாம். ஏற்றத்தில் வருமாயின் எஞ்சினின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்லும் தண்டின் மூட்டுகளை ஐயுறலாம். இவை எதுவுமின்றிக் குறித்த ஒரு வேகத்தில் மட்டும் வருமாயின், சுழலும் பொருள் ஒன்றிலே குற்றம் இருக்க வேண்டும். எஞ்சியது, சுழலும் பொருள்களுள் எது என்பதே.

இவ்விடத்தில் சிறு கணக்கொன்று வேண்டும். ஓடும் காரினுள் மூன்று மணிக்கூடுகள் வெவ்வேறு கதியில் ஓடுகின்றன எனக் கொள்ளலாம். மாமாவின் காரிலுள்ள ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீற்றர். மணிக்கு 40 மைல் என்பது 64 கிலோமீற்றர். அதாவது விநாடிக்கு 17.8 மீற்றர். அவ்வேகத்திற் சில்லு விநாடிக்கு 9 தடவைக்குச் சற்று மேலாகச் சுழலும். பின்னச்சிலுள்ள பற்சில்லுகளின் விகிதம் 4.55 ஆதலால், விசைத்தண்டு விநாடிக்கு 43 தடவை சுழலும். நான்காம் கியரில் எஞ்சினும் விசைத்தண்டும் ஒரே கதியிற் சுழல்கின்றன; மூன்றாம் கியருக்கு மாற்றினால், காரின் வேகம் மாறாதிருக்கவே எஞ்சின் மட்டும் 60 தடவையாக உயரும். எஞ்சினில் உருளைகள் நான்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உருளைகளில் எரிவு நிகழ்வதால் அதன் துடிப்பு அதனிலும் இரு மடங்கு. ஆகவே 9, 43, 60 என்னும் எண்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதனைக் கருவிகொண்டு அளந்து மீடிறன் என்போம். கருவி இல்லாதவர் உடலால் அளக்கலாம். விநாடிக்கு 9 என்பது உடலை உலுக்கும். 43 என்பது உள்ளங்காலிற் கூச்சமாகவும் காதில் இரைச்சலாகவும் படும்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறு விடியற்காலையில், பேலியகொடையில் ஏறி கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். 2013இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை மட்டமானது. வீதியின் குற்றத்தைக் காரின்மேல் ஏற்றும் ஆபத்து அங்கே குறைவு. பாஸ் ஓட்டினார், மாமா பின்னாசனத்தில் இருந்தார். நாற்பதை எட்டியதும் ஆசனம் குலுங்கியது. மூவரும் உணர்ந்தோம். எவருடைய கையும் எதனையும் பிடித்திருக்கவில்லை, பாஸின் கைகளைத் தவிர. அவர் கிளச்சை மிதித்து எஞ்சினைச் சில்லுகளினின்றும் பிரித்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. மூன்றாம் கியரில் அதே வேகத்தில் ஓட்டினார். எஞ்சினின் ஓசை உயர்ந்தது, நடுக்கம் மாறவில்லை. எஞ்சின் குற்றமற்றது என்று தீர்ந்தது. பின் விரலால் சுக்கானின் விளிம்பிற் தட்டி நடுக்கத்தின் கதியைப் பின்பற்றினார். விநாடிக்கு நாற்பதைத் தட்டவல்ல விரல் உலகில் இல்லை. அவர் விரல் பின்பற்ற முயன்ற கதி சில்லின் கதி. "சில்லுதான் ஐயா, பின்னால" என்றார்.

ஐம்பதைத் தாண்டினால் நடுக்கம் குறைவது ஏன் என்னும் ஐயம் வாசகருக்கு எழலாம். குற்றம் போய்விடுவதில்லை, அதற்கு ஒத்தாடுவது போய்விடுகிறது. ஊஞ்சல் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு கதி உண்டு. அந்தக் கதியில் ஒரு குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயர எழும். கதி தவறினால் பலசாலி தள்ளினாலும் எழாது. வில்லின்மேல் தங்கியுள்ள அச்சுக்கும், உடற்பாகத்துக்கும், ஆசனத்துக்கும் அவ்வாறே தத்தமக்குரிய கதிகள் உண்டு. சில்லின் கதி அவற்றுள் ஒன்றோடு ஒன்றும்போது சிறு குற்றமும் பேருலுக்கலாக வெளிப்படுகிறது. 1831இல் மான்செஸ்டருக்கு அருகேயுள்ள புரோட்டன் பாலம், அணிவகுத்துச் சென்ற படைவீரர்களின் ஒத்த அடிவைப்பினால் ஆடி முறிந்தமையும், அதன்பின் பாலங்களைக் கடக்கையில் அடி ஒவ்வாது நடக்குமாறு பிரித்தானியப் படையினர் பணிக்கப்பட்டமையும் இதற்கு நன்கறிந்த சான்று. எங்கள் பாடநூல்கள் இதனைப் பரிவு என்னும். பிறர் துயருக்கு நெஞ்சு ஒத்து அசைவதற்கும் தமிழில் அதுவே பெயர்.

மகனும் முதலாவது கராச்சினரும் காரில் ஒன்றுமில்லை என்று சொன்னது பொய்யன்று. காலி வீதியின் நெரிசலில் அவர்கள் இருபத்தைந்து மைலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அவ்வேகத்தில் அந்தக் கார் நடுங்குவதில்லை. தாம் பார்த்த இடத்தில் காணாததை, எவ்விடத்தும் இல்லாதது என முடிவு செய்ததே அவர்களின் வழு. நோயாளி கண்ட சூழ்நிலையை மருத்துவன் தானும் உண்டாக்கிப் பார்க்காதவரை, 'இல்லை' என்னும் அவனுடைய சொல்லுக்குப் பெறுமதி இல்லை.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும், பாஸ் இடப்புறப் பின்சில்லை முன்னுக்கும் முன்சில்லைப் பின்னுக்கும் மாற்றினார். புதிய பாகம் எதனையும் வாங்கவில்லை. மீண்டும் ஓடினோம். இப்பொழுது ஆசனம் அமைதியாக இருந்தது, சுக்கான் துடித்தது. நடுக்கம் சில்லோடு இடம்பெயர்ந்துவிட்டது. இடம்பெயராதிருந்தால் அச்சையும் அதன் தாங்கிகளையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு மாற்றத்தினால் ஐயம் நான்கு சில்லுகளினின்றும் ஒன்றுக்குக் குறுகியது.

ஆனால் அந்தச் சில்லைத்தான் முதலாவது கராச்சில் இயந்திரத்திற் பூட்டிச் சமன் செய்திருந்தனர். விளிம்பில் ஐம்பது கிராம் பாரம் ஒருபுறம் மிகுந்திருந்தால், 40 மைல் வேகத்தில் அது ஏறத்தாழ மூன்று கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையாக, விநாடிக்கு ஒன்பது தடவை அச்சை இழுக்கும். வேகம் இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். அதனைச் சிறு ஈயத்துண்டுகளாற் சரி செய்துவிடலாம். அவர்களும் சரி செய்திருந்தனர். பின் எஞ்சியிருந்த குற்றம் யாது?

பாஸ் காரை யக்கில் உயர்த்தினார். செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு வெண்கட்டியை ரயரின் வெளிப்பரப்புக்கு மயிரிழை இடைவெளியில் இருக்குமாறு வைத்தார். சில்லைக் கையால் மெல்லச் சுழற்றினார். முக்காற் சுற்றுவரை வெண்கட்டி ரயரைத் தொடவில்லை. பிறகு ஓரிடத்தில் உரசியது. ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தது. ரயர் அவ்விடத்தில் மூன்று மில்லிமீற்றர் அளவில் புடைத்திருந்தது. நிறையைச் சமன் செய்யும் இயந்திரம் நிறையை மட்டுமே அளக்கும். காற்றில் தனியே சுழலும்போது அந்தச் சில்லு பிழையின்றிச் சுழன்றது. காரின் பாரம் அதன்மேல் ஏறித் தரையை மிதிக்கும்போதுதான், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அந்தப் புடைப்பு காரைத் தூக்கி இறக்கியது. இயந்திரம் தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே சொன்னது.

ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டும் வாரத்தையும் கடையிரண்டும் ஆண்டையும் குறிப்பன. இதில் 1214 என்றிருந்தது. 2014ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரத்தில் உற்பத்தியானது. குறைவாக ஓடியமையால் அதன் பள்ளங்கள் தேயாது புதியனபோல் இருந்தன; ஆயினும் ஒன்பது ஆண்டு வெயிலும் கடற்காற்றும் இறப்பரை முதுமையடையச் செய்திருந்தன. காற்றுக் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் காரின் பாரத்தைத் தாங்கி நின்றது அதற்கு மேலும் ஊறு செய்திருக்கும் என்றார் பாஸ். உள்ளேயிருந்த அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியத் தொடங்கிவிட்டன. நெடுஞ்சாலை வேகத்தில், நண்பகற் சூட்டில், அது முற்றாகப் பிரிந்திருக்கவும் கூடும். ஆகவே அந்த நடுக்கம் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை சரியான ஆளின் ஆசனத்தையே தட்டியது; சொன்னவரின் சொல்லைத்தான் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திலுள்ள 948ஆம் குறளை நாம் அனைவரும் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். நோய் இன்னது, அதன் வேர் இன்னது, அதனைத் தணிக்கும் வழி இன்னது எனப் படிப்படியாக ஆராய்ந்து, பின்னரே செயலில் இறங்குமாறு அக்குறள் மருத்துவனைப் பணிக்கிறது. மாமாவின் காரிலுள்ள எஞ்சினின் கொள்ளளவும் 948 கன சென்ரிமீற்றர் என்பதை அவரே எனக்குச் சிரித்தபடி சுட்டிக்காட்டினார். தற்செயலான ஒப்புமை அது. ஆயினும் முதலாவது கராச்சிற் செலுத்திய பட்டியலை அக்குறளோடு ஒப்பிட்டால், அவர்கள் முதலிரு படிகளையும் விட்டுவிட்டு மூன்றாவதில் தொடங்கினர் என்பது தெளிவாகும். இரண்டு குறள் தள்ளி அதே அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தின் நான்கு உறுப்புகள் எண்ணப்படுகின்றன. மருத்துவன் அங்கே இரண்டாம் இடத்திலேயே வருகிறான். முதலிடம் நோயுற்றவனுக்கு. நோயாளியின் வாய்மொழி இல்லாமல் மருத்துவம் தொடங்குவதில்லை என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

கையின் கதை இனித்தான் வருகிறது. கார் சரியான மறுவாரமே, மாமா தாமாக ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரங்குறித்தார். "கார் நடுங்கினது உண்மை; கை நடுங்குறதும் உண்மை. இரண்டையும் தனித்தனியாப் பார்க்க வேணும்" என்றார். மருத்துவரின் அறையிலும் முதலிற் கேட்கப்பட்டது 'எப்பொழுது' என்னும் வினாவே. கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுங்குகிறதா, அல்லது ஒன்றைச் செய்ய நீளும்போதா? வீட்டார் பெயர் சொல்லாது அஞ்சிய பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பொதுவாக ஓய்விலேயே தோன்றும்; விநாடிக்கு நான்கு முதல் ஆறு வரையிலான கதி கொண்டது; கை இயங்கத் தொடங்கினால் பெரும்பாலும் தணியும். மாமாவின் கை மடியில் அமைதியாகக் கிடந்தது. ஒரு குவளையிலிருந்து மற்றதற்கு நீரை ஊற்றச் சொன்னபோதுதான் நடுங்கியது. பின்னர், தாளில் நடுவிலிருந்து வெளியே விரியும் சுருள்கோடு ஒன்றை வரையச் சொன்னார் மருத்துவர். ஆயிரக்கணக்கான வரைபடங்களில் நேர்கோடு இழுத்த கை, அலை அலையாக ஒரு சுருளை வரைந்தது. மாமா அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இவ்வாறு இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோது, தம் தாயாருக்கு இருந்தது என்றார். பரம்பரையில் வரக்கூடிய, செயலின்போது தோன்றும் நடுக்கம் என்று முடிவாயிற்று. சிறு அளவில் மருந்து தரப்பட்டது. பார்வையையும் சோதித்துக்கொண்டு, இருட்டியபின் கார் ஓட்டுவதில்லை என்ற முடிவை மாமா தாமே எடுத்தார். எவரும் அவரிடமிருந்து திறப்பைப் பறிக்கவில்லை.

காரின் நடுக்கத்தை நம்பாதிருந்தபோது, கையின் நடுக்கத்தையும் அவர் ஒளிக்கவே முயன்றார். கோப்பையை எடுக்காமல் தேநீரை ஆறவிட்டார். ஒன்றில் அவர் சொல் மெய்யென நிறுவப்பட்டபின், மற்றதைப் பற்றித் தாமே பேச முன்வந்தார். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் சாட்சியத்தை ஆராயாமல் தள்ளிவிடும்போது, அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய அடுத்த செய்தியையும் நாம் இழந்துவிடுகிறோம். வகுப்பறையில் மாணவன் 'விளங்கவில்லை' என்று சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. மாணவனின் கவனக்குறைவு எனச் சொல்லிவிடுவது எளிது. எந்த வரியில் விளங்காமற் போயிற்று என்று கேட்க ஒரு வாங்கும், சற்று நேரமும், அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்னும் எண்ணமும் வேண்டும். கொட்டாஞ்சேனைக் கொட்டிலில் இருந்த கருவிகளுள் முதன்மையானவை இவையே. வெண்கட்டி நான்காவது.

புதிய ரயர்கள் இரண்டைப் பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டிய அன்று, பழையதை எறிந்துவிட வேண்டாம் என்று மாமா தடுத்தார். வெண்கட்டிக் கோடு விழுந்த இடத்தில் அதனை வெட்டித் தரும்படி பாஸைக் கேட்டார். அவரும் மறுக்காது, அரைக்கும் இயந்திரத்தால் குறுக்காக அறுத்தார். இறப்பர் கருகிய நாற்றம் கொட்டிலெங்கும் நிறைந்தது. அறுபட்ட முகத்தில், கம்பி அடுக்குக்கும் மேலிருந்த இறப்பருக்கும் இடையே ஒரு விரல் நுழையுமளவு வெடிப்பு இருந்தது. மாமா தம் சுட்டுவிரலை அதனுள் வைத்துப் பார்த்தார். பிறகு ரொறன்ரோவிலிருந்த மகனைத் தொலைபேசியில் அழைத்து, படம் தெரியும்படி அதனைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். தம் கையிற் பிடித்தால் படம் ஆடும் என்றார்.

"தம்பி, இஞ்சை பார்," என்றார் மகனிடம். "இதுதான் நடுங்கினது."